‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். ஆங்கிலத்தில் ‘பட்’ என்பதோடு நிற்காமல் ‘பட் ரேதர்’, ‘பட் ஸ்டில்’, ‘பட் ஒன்லி’, ‘பட் தென்’ என்று பின்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். ஒப்பிடும்போதும் ‘தேன் எவர்’ (than ever), ‘தேன் ஈவன்’ (than even) என்கிறார்கள். இந்தப் பின்சொல் உண்மையில் தேவையா, இல்லை வெறும் அலங்காரமா? ‘பட்’ ஒன்றே போதும் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். போன வாரம் ஒரு மாணவன் கட்டுரையில், அப்பா எங்களைத் திட்டுவார், ‘பட் தென்’ இரவெல்லாம் லாரி ஓட்டுகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ‘தென்’னை அடித்துவிட்டு அரை மார்க் குறைத்தேன். சரிதானா? தமிழில் இந்த நுணுக்கம் இல்லாததால்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்களோ என்றும் தோன்றுகிறது. நல்ல அகராதி ஒன்று சொல்லுங்கள். ‘பட்’டுக்கு முன்னால் காற்புள்ளி எப்போதும் வேண்டுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி, கோலாலம்பூர்

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு இங்கே பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவில் நான்கு மொழியில் ஓர் அறிவிப்பு. முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களையும் பார்ப்போம், ‘பட் ஒன்லி’ பதினொரு மணிக்கு முன்னால் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அது இப்படி வந்திருந்தது: ‘முன்பதிவு இல்லாத நோயாளிகள் ஏற்கப்படுவர் ஆனால் மட்டும் 11.00க்கு முன்.’ அதற்கு நேராக ஒரு பாட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழுத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தார். விரல் ‘ஆனால்’ வரைக்கும் ஒழுங்காகப் போகும். ‘மட்டும்’ வந்ததும் நிற்கும். மறுபடி வரியின் தொடக்கத்துக்கு வரும். மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, “தம்பி, இப்ப பாப்பாங்களா மாட்டாங்களா?” என்று கேட்டார். அப்போது மணி பதினொன்று இருபது. ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

‘ஆனால்’ தமிழ்ச் சொல். ‘மட்டும்’ தமிழ்ச் சொல். ‘ஆனால் மட்டும்’ என்று ஒன்று தமிழில் கிடையாது. ‘11 மணிக்குள் வந்தால்தான் பார்ப்போம்’ என்று எழுதியிருந்தால் பாட்டியின் விரல் ஒரே ஓட்டமாக ஓடியிருக்கும். அந்த எரிச்சல் ஆறாமல் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அகராதி உங்கள் பள்ளி நூலகத்தில் எது இருக்கிறதோ அதுவே போதும். இந்தச் சொற்களை அகராதியிலிருந்து பழக முடியாது, காதிலிருந்துதான் பழக முடியும். காற்புள்ளியை இன்னொரு நாள் பார்ப்போம். அந்த அரை மார்க் விஷயத்தைக் கடைசியில் பேசுகிறேன். இப்போதே பேசினால் கோபமாக எழுதிவிடுவேன்.

பின்சொல் அலங்காரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ‘பட்’ என்பது வெறும் திருப்பம். வழி கேட்டவனிடம் கையை நீட்டி ‘அந்தப் பக்கம்’ என்று சொல்வதுபோல. எவ்வளவு தூரம் போகவேண்டும், வந்த வழி முழுக்கத் தப்பா, பாதி சரியா என்பதைப் பின்னால் வருகிற சொல்தான் சொல்கிறது. ‘பட் ரேதர்’ என்றால், முன்னால் சொன்னதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வை என்று பொருள். அதனால்தான் அதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு ‘நாட்’ இருக்கும். ‘பட் ஒன்லி’ என்றால் சொன்னது சரி, அதன் எல்லை இவ்வளவுதான். ‘பட் ஸ்டில்’ என்றால் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் என் முடிவு அசையவில்லை. ‘பட் தென்’ என்றால் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படாதே, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான்கும் நான்கு வேலை. நான்கையும் ‘பட்’ என்று வெட்டி நிறுத்தினால் பிள்ளை எதை மறுக்கிறான், எதை ஒத்துக்கொள்கிறான் என்று எப்படித் தெரியும்?

இந்தச் சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘ரேதர்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘சீக்கிரமாக’ என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவம். ‘முந்தி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தி அது என்பது காலப்போக்கில் இதைவிட அது என்று ஆயிற்று. ‘ஸ்டில்’ என்றால் அசையாமல் இருப்பது, குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தால் அதற்கும் இதே சொல்தான். ‘ஈவன்’ என்றால் சமதளம். ‘பட்’டே கூட ஆதியில் ‘வெளியே’ என்ற பொருளுள்ள சொல். அவனைத் தவிர எல்லாரும் என்று சொல்ல இன்றைக்கும் ஆங்கிலத்தில் ‘பட்’ போடுகிறார்களே, அது அந்தப் பழைய பொருளின் மிச்சம். ஒப்பிடும் ‘தேன்’ என்ற சொல்லும் ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’ என்ற சொல்லும் முன்பு ஒரே சொல். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள் 1700ஐ ஒட்டித்தான் எழுத்தில் பிரித்து நிலைநிறுத்தினார்கள். உங்கள் பிள்ளைகள் ‘தேன்’ எழுதவேண்டிய இடத்தில் ‘தென்’ எழுதினால் திருத்துங்கள், ஆனால் முறைக்காதீர்கள்.

சரி, இப்போது உங்களைத் திட்டவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ‘தமிழில் இந்த நுணுக்கம் இல்லாததால்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். ‘இல்லாததால்’ என்று எழுதியிருக்கலாம். ‘இல்லாததால்தான்’ என்று எழுதினீர்கள். வேறு எந்தக் காரணமும் இல்லை, இது ஒன்றே காரணம் என்று அழுத்தினீர்கள். அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? தமிழில் இல்லை என்று நீங்கள் சொல்கிற அந்த நுணுக்கத்தை வைத்துக்கொண்டுதான் தமிழில் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். இதை அம்மா ஊட்டிய சோற்றோடு வாங்கியிருக்கிறீர்கள், அதனால் கண்ணில் படவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர், அதிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர், பார்க்காமல் இருக்கக்கூடாதம்மா.

ஆங்கிலம் தனிச்சொல்லாக நிறுத்திவைப்பதைத் தமிழ் சொல்லின் வாலில் ஒட்டிவைத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். உம், ஏ, ஓ, தான், கூட, ஆவது. ‘உம்’ என்ற ஒன்றுக்கு மட்டும் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். நன்னூலும் எட்டென்றே சொல்லும். ‘குறவரும் மருளும் குன்றம்’ என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவர்கூட வழி தெரியாமல் மயங்குகிற மலை. அந்த ‘உம்’மைத்தான் ஆங்கிலக்காரர் ‘ஈவன்’ என்கிறார். உங்கள் பிள்ளைகளிடம் கொண்டுபோக அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஒரு வெள்ளியை, அதாவது ஒரு ரிங்கிட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளிதான் கொடுத்தார். ஒரு வெள்ளியும் கொடுத்தார். ஒரு வெள்ளியாவது கொடுத்தார். ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவில்லை. இந்த நாலு வாக்கியத்துக்கும் வித்தியாசம் தெரியாத தமிழ்ப் பிள்ளை உங்கள் ஊர்ச் செந்தூலிலும் இல்லை, பிரிக்பீல்ட்சிலும் இல்லை. இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஒன்லி’யும் ‘ஈவன்’னும் ‘அட் லீஸ்ட்’டும் தானாக வந்து நிற்கும்.

ஒப்பிடுவதும் அப்படித்தான். ‘தேன் எவர்’ என்பது நமக்கு ‘எப்போதையும்விட’. ‘தேன் ஈவன் ஹிஸ் மதர்’ என்பது ‘அவன் அம்மாவையும்விட’. உருபுக்கும் ‘விட’வுக்கும் நடுவில் ‘உம்’ எப்படி நுழைந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ‘அவரிடம் போய்க் கேட்பதற்குப் பட்டினி கிடக்கலாம்’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் ‘கேட்பதற்கு’ என்பதில் இருக்கிற ‘கு’ செய்யும் வேலையைச் செய்ய ஆங்கிலத்துக்கு ‘ரேதர் தேன்’ என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது.

இன்னொரு இடம். ‘ஈவன் தோ’, ‘ஈவன் இஃப்’ இரண்டையும் பிள்ளைகள் குழப்புவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். அங்கே ‘ஈவன்’ இணைப்புச் சொல்லுக்கு முன்னால் வருகிறது, அது இருக்கட்டும். ‘மழை பெய்தும் வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதுங்கள். கீழே ‘மழை பெய்தாலும் வருவான்’ என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தில் மழை நிஜமாகவே பெய்தது, அவன் நனைந்துகொண்டு வந்து நிற்கிறான். இரண்டாவதில் மழை இன்னும் வரவே இல்லை. பெய்தும், பெய்தாலும். இவ்வளவு சுருக்கமாக இதைப் பிரித்துவைத்த மொழியைப் பேசுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இரண்டு சொல் எப்படிக் கஷ்டமாகும்? நாம்தான் பாலத்தைக் காட்டாமல் ஆற்றில் இறங்கச் சொல்கிறோம்.

மலாயிலிருந்தும் பாலம் போடலாம். உங்கள் பிள்ளைகள் மலாயில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். ‘டியா புன் டாத்தாங்’ என்றால் ‘அவனும் வந்தான்’. அந்தப் ‘புன்’தான் நம்முடைய ‘உம்’. ‘வலாவ்புன்’ என்ற சொல்லின் வாலிலும் அதே ‘புன்’, நம்முடைய ‘இருந்தாலும்’ என்ற சொல்லின் வாலில் ‘உம்’ இருப்பதுபோல. ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘தெதாப்பி’ சமஸ்கிருதத்தின் ‘ததாபி’யிலிருந்து வந்தது. ததா, அபி. அப்படி இருந்தும். அந்த ‘அபி’யும் ஒரு ‘உம்’தான். இதை அரை மணி நேரம் வகுப்பில் பேசிப் பாருங்கள், பின்வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்குப் பெரிய குறை வேறிடத்தில். நம் ஆட்களே, மொழிபெயர்க்கிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், இப்போது கணினி செய்து தருகிற மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள், எல்லாரும் சேர்ந்து இந்த வால்களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ‘ஆனால்’. ‘பட் ஸ்டில் ஹி இஸ் மை பிரதர்’ என்பதை ‘ஆனால் இன்னும் அவன் என் தம்பி’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ‘என்ன இருந்தாலும் என் தம்பிதானே!’ என்று ஒரு தமிழச்சி சொல்லிக் கேட்டதே இல்லையா இந்த மனிதர்? இருந்தால், உம். தம்பி, தான், ஏ. அந்தக் குட்டி வாக்கியத்துக்குள் மூன்று ஒட்டு இருக்கிறது, மூன்றும் ஒரு மனசைத் தாங்குகிறது. வள்ளுவர்,

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு

என்றார். உலகத்தில் இதைவிடக் கூர்மையான எதிர்ப்பாடு உண்டா? ‘ஆனால்’ எங்கே இருக்கிறது அதில்? ஆறும் என்ற சொல்லையும் ஆறாதே என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அந்த ‘ஏ’யில் ஒரு அழுத்து அழுத்தினார், முடிந்தது. இன்றைக்கு எழுதியிருந்தால் நடுவில் ஒரு ‘ஆனால்’ செருகியிருப்போம். ‘ஆனால்’ கெட்ட சொல் என்று சொல்லவில்லை. ‘அப்படி ஆனால்’ என்று ஒத்துக்கொண்டு திரும்புகிற சொல் அது, அழகான சொல். அதை மட்டுமே வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்கிறேன்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். இதுவரை எழுதியதில்லை.

1970. எனக்குப் பதின்மூன்று வயது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, பட்டர்வொர்த்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இப்போது பிள்ளைகள் புகுமுக வகுப்பில் மலாய்க்காக உட்காருகிறார்கள், அப்போது நாங்கள் ஆங்கிலத்துக்காக ஒரு வருஷம் உட்கார்ந்தோம். அப்பாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. 1968இல் வந்த சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்கவேண்டும். பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் போய் இறங்கிய காலம் அது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே ஆறு வீடு காலியாகிவிட்டது.

ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில், அப்பாவுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். கிராணியிடம், அதாவது தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவிடம், படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். “எம் பையன் இங்கிலீசு படிக்கிறான்” என்று சொல்லிவிட்டு அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் காகிதத்தோடுதான் மரத்தில் பால் வெட்டியிருக்கிறார். சாயங்காலம் என் கையில் கொடுத்தபோது மடிப்பு வேர்வையில் ஊறியிருந்தது. ஓரத்தில் காய்ந்த பால் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். அம்மா அகப்பையோடு வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டைப் அடித்த இரண்டே வரி. வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம், ‘பட் ஒன்லி அன்ட்டில்’ டிசம்பர் 31, ‘அண்ட் ஈவன் தென் ஒன்லி இஃப்’ பெர்மிட்டை அலுவலகத்தில் காட்டியிருந்தால். இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. புகுமுக வகுப்பில் எல்லாம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பட், ஆனால். ஒன்லி, மட்டும். ஈவன், கூட. தென், பிறகு. இஃப், ஆல். எல்லாச் சொல்லும் தெரிந்த தைரியத்தில் அப்பாவிடம் சொன்னேன்: “டிசம்பர் வரைக்கும் வீட்ல இருக்கலாம்பா. அதுக்குப் பிறகும் பெர்மிட் வந்தா இருக்கலாம்.”

அப்பா மூச்சு விட்டார். அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “அப்ப அவசரம் இல்ல” என்றார்.

தவறு எங்கே என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ‘ஈவன் தென்’ என்பதில் ‘தென்’னைப் பிறகு என்று எடுத்தேன். அது ‘அப்படியிருந்தும்கூட’. டிசம்பர் வரைக்கும் இருப்பதற்கே பெர்மிட் வேண்டும் என்று காகிதம் சொன்னது. அதைவிடப் பெரிய தவறு, இரண்டாவது ‘ஒன்லி’யை விழுங்கிவிட்டேன். ‘பெர்மிட் வந்தா’ என்றேன். ‘பெர்மிட் வந்தாத்தான்’ என்று சொல்லியிருக்கவேண்டும். டீச்சர், அந்த ஒரு ‘தான்’. என் வாயில் பிறந்ததிலிருந்து இருந்த சொல். அம்மாவிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். ஆங்கிலத்தில் அது வேறு சட்டை போட்டுக்கொண்டு ‘இஃப்’புக்கு முன்னால் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ‘ஒன்லி என்றால் மட்டும்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள், ‘ஒன்லி இஃப் என்றால் ஆல்தான்’ என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெர்மிட் வேலையை அப்பா தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் ஆபீஸ் ஆள் இரண்டு பேர் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டி, “டிசம்பர் வரைக்கும்னு போட்டிருக்கே” என்று சண்டை போட்டார். கிராணி அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். ‘வந்திருந்தால்தான்’ என்று அவர் சொன்னபோது அப்பா என் பக்கம் திரும்பினார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாமான்களை எடுக்க உள்ளே போனார். பிறையில் மாமா வீட்டின் பின்பக்கம் நான்கு மாதம் இருந்தோம். அப்பா பால்மரம் தவிர வேறு வேலை அறியாதவர். நாற்பத்தொரு வயதில் பினாங்குத் துறைமுகத்துப் பக்கம் மூட்டை தூக்கப் போனார், தினமும் முதல் ஃபெரிப் படகில் ஏறி.

அதற்குப் பிறகு எத்தனையோ காகிதம் வந்தது. தண்ணீர் பில், பள்ளிக்கூடக் கடிதம், கடைசியில் ஆஸ்பத்திரிப் படிவம். நான் படித்துச் சொல்லி முடித்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார். “தான் இருக்கா, பாத்தியா?” குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நானும் திரும்ப ஒரு முறை காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். இப்போதும் யாராவது ஏதாவது எழுதி என்னிடம் திருத்தக் கொடுத்தால் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

இப்போது அந்தப் பையனுக்கு வருவோம். அவனை எனக்குத் தெரியாது. ஆனால் ‘தென்’ போட்டிருக்கிறானே, அதில் அவனைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நீங்கள் திருத்திய வாக்கியத்தைத் தமிழில் எழுதுகிறேன்: ‘அப்பா எங்களைத் திட்டுவார், ஆனால் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறார்.’ இது கணக்குப் புத்தகம். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. அவன் எழுதியதைத் தமிழில் எழுதுகிறேன்: ‘அப்பா எங்களைத் திட்டுவார்தான், இரவெல்லாம் லாரி ஓட்டுகிறாரே!’ தூங்காத மனுஷன், கத்தாமல் என்ன செய்வார் என்று அப்பாவின் பக்கம் போய் நின்றுவிட்டான் பிள்ளை. அதை ஆங்கிலத்தில் சொல்ல ‘பட் தென்’ தவிர வேறு எதைப் போட்டிருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது. எங்கிருந்து பிடித்தான் என்று தெரியவில்லை. பாடப்புத்தகத்திலிருந்து பிடித்திருக்கமாட்டான். ஏதோ படத்திலோ எங்கோ கேட்டு, இது நம்ம ‘ஏ’ என்று காதிலேயே கண்டுபிடித்திருக்கிறான். அந்த வயதில் எனக்கு வராதது அவனுக்கு வந்திருக்கிறது. அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பையனின் அரை மார்க்குக்காக, சரியா தப்பா என்று ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குக் கடிதம் எழுதுகிற டீச்சர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது கோபம் பாதியாகிவிட்டது.

தாளைத் திரும்ப வாங்கி, கோட்டை அழித்து, அரை மார்க்கைப் போட்டுக் கொடுங்கள். எல்லார் முன்னாலும் அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தமிழிலும் சொல்லச் சொல்லுங்கள், அந்த ‘ஏ’ அவன் குரலில் எப்படி வருகிறது என்று வகுப்பு கேட்கட்டும். அதற்குப் பிறகு காற்புள்ளி பற்றி எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து